காப்பை அடகு வைத்து ரியூசன் காசு கட்டலாமா?

கேள்வி: மகன் தரம் 10. ஏழு பாடத்துக்கு ரியூசன் போகிறான். ஆனாலும் ஒப்படை கொடுக்க மறக்கிறான், பரீட்சைக்கு முதல் நாள்தான் கொப்பியைத் திறக்கிறான். கனடா மச்சாள், 'எக்ஸிகியூட்டிவ் பங்ஷனிங் கோச்சிங்' (வேலைகளைத் திட்டமிட்டு நேரத்துக்குச் செய்யப் பழக்குவது) என்று ஒன்லைனில் ஒருவரிடம் விடச் சொல்கிறார். கிழமைக்கு ஒரு தடவை, 30 கனடா டொலர். பாதியை அவர் தருவார். ஆறு மாதக் காசை முன்கூட்டியே கட்ட வேண்டும். அடகில் இருக்கும் காப்பைத் திருப்பி வைத்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். எடுக்கவா? முதலில் 120,000 ரூபாய் எடுத்தோம், அடுத்த வருடம் 180,000, இப்போது 260,000. வட்டி 14 வீதம்.
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: எடுக்காதீர்கள், சகோதரி. எனக்குக் கோச்சை விட அந்தக் காப்புத்தான் கவலை. பவுன் விலை ஏற ஏற, அதே காப்புக்கு வங்கி கூடக் காசு தருகிறது. அதை நீங்கள் வருமானம் போல எடுத்து மாதச் செலவுக்குக் கட்டிவிடுகிறீர்கள். இதுவரை கட்டிய வட்டி 42,000. இந்த வருடத்துக்கு இன்னும் 36,400, அதாவது மாதம் 3,000 ரூபாய். ரியூசனுக்கு ஒரு பாடத்துக்கு மாதம் 2,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒன்றரைப் பாடத்தின் காசு வட்டிக்கே போகிறது.

கோச்சுக்கு ஆறு மாதத்தில் 26 வகுப்பு, 780 டொலர். உங்கள் பங்கு 390. டொலரை 200 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 78,000. அதையும் ஏற்றினால் அடகு 338,000 ஆகிவிடும், வட்டி மாதம் 4,000-ஐத் தொடும்.

அந்தக் கோச் என்ன செய்வார்? இந்தக் கிழமை என்னென்ன கொடுக்க வேண்டும், எதை எப்போது தொடங்கப் போகிறாய் என்று கேட்பார், அடுத்த கிழமை செய்தாயா என்று பார்ப்பார். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் திட்டம் போடப் பிள்ளைக்கு வெறும் நேரம் வேண்டுமே! நீங்கள் அனுப்பிய நேர அட்டவணையில் ஞாயிறு காலை 6 மணிக்குத் தொடங்கும் வகுப்பு மாலை 5 மணிக்குத்தான் முடிகிறது. மூன்று கிழமை ரியூட் (ரியூசனில் கொடுக்கும் அச்சுக் குறிப்பு) மடிப்புக் கலையாமல் பையில் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். படிக்க நேரமில்லாத பிள்ளை எதைத் திட்டமிடுவான்?

கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றையும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் நிறுத்துங்கள். ரியூட், பஸ் காசோடு மாதம் 10,000 அளவில் மிஞ்சும். மிச்சப் பாடங்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகமும் கடந்தகால வினாத்தாளும் போதும். சுவரில் ஒரு கலண்டர் கொழுவி, ஞாயிறு இரவு பத்து நிமிடம் அவனோடு இருங்கள். ஒப்படைத் திகதிகளை அவனே எழுதட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதத்திலும் மாற்றம் இல்லையென்றால் அரச வைத்தியசாலையில் வைத்தியரிடம் காட்டுங்கள், அதற்குக் காசு இல்லை.

அந்த 10,000-ஐ மாதாமாதம் அடகில் கட்டுங்கள். பகுதியாகக் கட்டலாமா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். கட்ட விட்டால் வட்டியும் முதலுமாக 31 மாதம் அளவில் காப்பு கைக்கு வரும், அவன் உயர்தரம் படிக்கும் காலத்தில்.

மச்சாளிடம் கோபிக்க வேண்டாம், பிள்ளையில் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். "கோச்சுக்குத் தர இருந்த பாதியை அடகுக்குத் தாங்கோ மச்சாள், காப்பு கெதியாய் வீட்டுக்கு வரும்" என்று நேராகக் கேளுங்கள். திருப்பி வைக்கும் திகதி வருவதற்கு முதலே அந்த அழைப்பை எடுத்துவிடுங்கள்.