சோலார் பேனலும் இருக்கிறது, இரவில் யூனிட் விலையும் குறைவு. கீசரை எதில் ஓட்டினால் லாபம்?

உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டைப் போலவே கூரையில் பேனல், உள்ளே பெரிய தொட்டி வைத்த கீசர், ராத்திரியில் விலை குறையும் மீட்டர் எல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குழாயைத் திறந்ததும் காய்ச்சித் தரும் சின்ன கீசர்தான் இருக்கிறது என்றால் இந்தப் பதில் உங்களுக்கு உதவாது, அதில் சூட்டைச் சேர்த்து வைக்க இடமே இல்லை.

இரண்டிலும் ஓட்டலாம். ஆனால் ராத்திரி மின்சாரம் தொட்டி முழுவதையும் காய்ச்சி முடித்துவிட்டால், காலையில் வெயில் வரும்போது அதற்கு வேலையே இருக்காது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பொருத்த வந்தவர் டைமரை இரவு முழுக்க ஓடும்படி வைத்துவிட்டுப் போய்விட்டார். நடுப்பகலில் போய்ப் பார்த்தால் இன்வெர்ட்டர் திரையில் உற்பத்தி ஏறிக்கொண்டே இருக்கிறது, கீசரின் சிவப்பு விளக்கு மட்டும் அணைந்தே கிடக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டவனை விருந்துக்குக் கூப்பிட்ட கதை. அவருக்குப் போன் போட்டுச் சொன்னால், "சார், சுடுதண்ணி வருதில்ல, அப்புறம் என்ன?" என்கிறார். வருகிறது ஐயா, யார் காசில் வருகிறது என்பதுதானே கேள்வி!

கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 1.16 வாட்-மணி வேண்டும், ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 8 யூனிட். காலைக் குளியலுக்கு இவ்வளவும் தேவையே இல்லை. தொட்டிக்குள் சூடான தண்ணீர் மேலே நிற்கும், பச்சைத் தண்ணீர் அடியில் வந்து சேரும், இரண்டும் அவ்வளவு சீக்கிரம் கலந்துவிடாது. அதனால் மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று தண்ணீரைச் சூடாக்கும் காயில் இரண்டு உள்ள தொட்டியாக இருந்தால் வேலை சுலபம். மேல் காயிலை ராத்திரி விலைக்கு விடுங்கள், மேல்பாதி சூடானால் காலை சமாளித்துவிடலாம். அடி காயிலைப் பகலுக்கு வையுங்கள். ஒரே காயில்தான் என்றால் ராத்திரி ஓட்டத்தைச் சலுகை நேரம் முடியும் விளிம்புக்குத் தள்ளி, நேரத்தையும் குறைத்துவிடுங்கள். பத்து மணிக்கே காய்ச்சி வைத்தால் விடியும்வரை அது ஆறிக்கொண்டுதான் இருக்கும், தொட்டி எவ்வளவு நல்ல தொட்டியாக இருந்தாலும்.

இன்னொன்று காயிலின் வாட். 3 கிலோவாட் பேனல் வைத்திருக்கிறோம், 3 கிலோவாட் காயில் போடலாம் என்று நினைக்காதீர்கள். பேனலில் எழுதியிருக்கும் அளவு நல்ல வெயிலில்கூட முழுசாக வருவது அபூர்வம், அதிலும் ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் பங்கு கேட்கும். குறைகிற மின்சாரத்தைக் காயில் சத்தமில்லாமல் வெளி லைனிலிருந்து, அதுவும் பகல் விலையில், இழுத்துக்கொள்ளும். நான் 1 கிலோவாட் காயிலுக்கு மாறினேன். "நேரம்தான் கூடும், யூனிட் அதேதானே மாமா" என்று என் மச்சினன் இன்றுவரை கிண்டல் செய்கிறான். யூனிட் அதேதான், ஆனால் இப்போது அது கூரையிலிருந்து வருகிறது.

கையில் காசு இருந்தால் டைவர்ட்டர் வாங்கலாம். மீட்டர் வயரில் ஒரு சென்சாரை மாட்டி, வீட்டுச் செலவு போக மிஞ்சுவதை மட்டும் காயிலுக்குத் திருப்பிவிடும், மேகம் மறைத்தால் தானே குறைத்துக்கொள்ளும். சாதாரண காயிலுக்குத்தான் சரி, காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீர் காய்ச்சும் ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் இதை மாட்டக் கூடாது. ஆனால் நான் பார்த்த ஒன்றுக்கு ஆப் இல்லாமல் இயங்கவே தெரியவில்லை. ஆப்பைப் போட்டால் மின்னஞ்சல் கேட்கிறது, ஓடிபி கேட்கிறது, இருப்பிடத்தைப் பகிர் என்கிறது. தண்ணீர் காய்ச்ச என் இருப்பிடம் எதற்கு? தொட்டி எங்கேயாவது நடந்து போகப் போகிறதா? வாஷிங் மெஷின், பல்பு, கதவுப் பூட்டு எல்லாவற்றிலும் இதே கூத்துதான், கடவுச்சொல் மறந்தால் குளிக்கக்கூட முடியாது போல. நான் திருகி வைக்கும் டைமரோடு நிறுத்திக்கொண்டேன். பிற்போக்கு என்று திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து "பாதி சூட்டில் தண்ணீரை வைத்தால் கிருமி வளருமே" என்று ஒருவர் வருவார். அவர் சொல்வது சரிதான். நிமோனியாவைக் கொண்டுவரும் லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரை நன்றாக வளரும், 60 டிகிரியில் சாகும். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் தொட்டி தானாகவே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது அடி காயிலையும் ராத்திரியில் போட்டு முழுத் தொட்டியையும் 60க்கு ஏற்றிவிடுங்கள். அந்தச் சூடு சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் குழாய்க்கு முன்னால் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வு கட்டாயம். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், இரண்டு காயிலும் ஒரே நேரத்தில் ஓடாதபடி செய்யச் சொல்லுங்கள்.

டைமரைத் தொடுவதற்கு முன் மின் கட்டண ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் உபரி மின்சாரத்துக்குக் கிடைக்கும் விலை, இரவு யூனிட் விலையைவிட அதிகம் என்றால் நான் எழுதியதையெல்லாம் தலைகீழாக்கிவிடுங்கள், பகலில் விற்றுவிட்டு ராத்திரியில் காய்ச்சுங்கள். எங்களுக்கு அப்படிக் கிடைப்பதில்லை, அதனால்தான் அந்தச் சிவப்பு விளக்கு மேல் எனக்கு அவ்வளவு கோபம்.