உயர்த்திய பாத்தி என்றால் என்ன? எந்த அளவில் அமைப்பது?

தரைமேல் நாலு பக்கமும் பலகையோ செங்கல்லோ அடைத்து, உள்ளே நல்ல மண்ணும் மட்கிய உரமும் நிரப்பினால் அதுதான் உயர்த்திய பாத்தி. முக்கியமான லாபம், அந்த மண்ணை யாரும் மிதிப்பதில்லை. மிதிபடாத மண் பொலபொலவென்று இருக்கும், வேருக்குக் காற்று கிடைக்கும், மிச்சத் தண்ணீரும் தேங்காமல் வடிந்துவிடும். சலித்த மாவையும் டப்பாவில் அமுக்கி வைத்த மாவையும் தொட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

அதனால் அகலம் 4 அடியைத் தாண்ட வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் நடுவரை கை எட்ட வேண்டுமே (சுவரை ஒட்டி என்றால் 2 அடி). கீரைக்கு அரை அடி ஆழம் போதும், தக்காளிக்கு ஒரு அடியாவது வேண்டும்.

அப்புறம், அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே உள்ள மண் முழுக்க ஊறும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது, வேருக்கான இடம்தான் குறையும்.