செர்பிய வாக்கியத்தில் ‘ஸம்’ எங்கே நிற்கும்?

கேள்வி: வேலைக்காக பெல்கிரேடு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆங்கிலவழிப் புத்தகம் ஒன்றை வைத்து செர்பிய மொழி படிக்கிறேன். ‘யா ஸம் இஸ் இந்தியெ’ என்றால் ‘நான் இந்தியாவைச் சேர்ந்தவள்’. இதில் ‘யா’ (நான்) இல்லாமலும் பேசலாம் என்று புத்தகம் சொல்கிறது. அதை நம்பி ‘ஸம் இஸ் இந்தியெ’ என்றேன். உடன் வேலை செய்பவர் ‘இஸ் இந்தியெ ஸம்’ என்று திருத்தினார். பெயர்ச்சொற்களின் முடிவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எங்கிருந்து பிடிப்பது?

பதில்: உங்களைத் திருத்தியவர் சொன்னதுதான் சரி. அந்த ஒரு திருத்தத்திலேயே செர்பிய வாக்கியத்தின் முக்கியமான விதி இருக்கிறது.

‘ஸம்’ (ஆங்கில ‘am’ போன்றது) தனியாக நிற்கத் தெம்பில்லாத சொல். நம் ‘உம்’, ‘தான்’ போல முன்னால் ஒரு சொல் இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும், வாக்கியத்தைத் தொடங்காது. அதன் இடம் எப்போதும் இரண்டாவது. ‘யா’ இருந்தால் ‘யா ஸம்’. ‘யா’ போய்விட்டால் வேறு ஏதாவது முன்னால் வரவேண்டும்: ‘இஸ் இந்தியெ ஸம்’ (‘இஸ் இந்தியெ’ இரண்டும் சேர்ந்து ஒரே துண்டு). ‘நேற்று புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கு ‘யூச்செ ஸம் கூப்பிலா க்ன்யீகு’. ‘நேற்று’ என்ற ‘யூச்செ’யை எடுத்துவிட்டால் ‘கூப்பிலா ஸம் க்ன்யீகு’. மற்றவை இடம் மாறலாம், ‘ஸம்’ இரண்டாம் இடத்தை விடாது. ‘மி’ (எனக்கு), ‘மு’ (அவனுக்கு), ‘ஸெ’ போன்ற குட்டிச் சொற்களுக்கும் இதே விதிதான். ‘நீங்கள் இந்தியாவா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பதற்கு வெறும் ‘ஸம்’ போதாது. அழுத்தமான வடிவமான ‘யேஸம்’ சொல்லவேண்டும்.

அடுத்தது பெயர்ச்சொல் முடிவுகள். ஆங்கிலத்தில் யார் யாரை நேசிக்கிறார் என்பதை இடம் சொல்கிறது. செர்பியத்தில் விகுதி சொல்கிறது. ‘ஆனா வோலி மார்க்கா’ என்றால் ஆனா மார்க்கோவை நேசிக்கிறாள். ‘மார்க்கா வோலி ஆனா’ என்று புரட்டினாலும் நேசிப்பவள் ஆனாதான், அழுத்தம் மட்டும் மாறும். மார்க்கோ நேசித்தால் ‘மார்க்கோ வோலி ஆனு’. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு இது புது உலகம். நாமோ பள்ளியில் எட்டு வேற்றுமை படித்தவர்கள், இங்கே ஏழுதான். ஒன்று மட்டும் கவனம்: வினையைத் தமிழ் மாதிரி கடைசிக்குக் கொண்டுபோகாதீர்கள். சாதாரணப் பேச்சில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையே இயல்பு.

இரண்டாம் வேற்றுமையில் ஓர் ஒற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும். நாம் ‘பஸ் பார்த்தேன்’ என்று ‘ஐ’ இல்லாமல் சொல்வோம். ‘அண்ணன் பார்த்தேன்’ என்று சொல்லமாட்டோம். செர்பியமும் அப்படியே. ‘வீதிம் அவுட்டோபுஸ்’ (பஸ்ஸைப் பார்க்கிறேன்) என்பதில் பேருந்து மாறவில்லை. ‘ப்ராத்’ என்ற சகோதரன் மட்டும் ‘வீதிம் ப்ராத்தா’ என்று மாறுகிறான். ஆண்பால் ஒருமையில், உயிருள்ளவற்றுக்குத்தான் இந்த மாற்றம். நாயும் அதில் சேரும்.

மூன்றாம் வேற்றுமையும் அப்படித்தான். பென்சிலால் எழுதுவதும் அண்ணனோடு போவதும் தமிழில் ஒரே வேற்றுமை, உருபு மட்டும் ஆல், ஓடு என்று வேறு. செர்பியத்திலும் ஒரே விகுதி: ‘பீஷெம் ஒலோவ்கொம்’ (பென்சிலால் எழுதுகிறேன்), ‘ஸ ப்ராத்தொம்’ (சகோதரனோடு). ‘ஓடு’ என்ற பொருளுக்கு மட்டும் முன்னால் ‘ஸ’ வரும். ஆங்கிலப் பழக்கத்தில் பென்சிலுக்கும் அந்த ‘ஸ’வைப் போட்டுவிடாதீர்கள்.

‘உ’ என்ற முன்னொட்டில் எல்லோரும் தடுமாறுவார்கள். போகுமிடம் என்றால் ‘ஈதெம் உ பெயோக்ராத்’ (பெல்கிரேடுக்குப் போகிறேன்). இருக்குமிடம் என்றால் ‘ஜீவிம் உ பெயோக்ராது’ (பெல்கிரேடில் வசிக்கிறேன்). முதலாவது இரண்டாம் வேற்றுமை, அடுத்தது இட வேற்றுமை. ‘க்கு’வா ‘இல்’லா என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டால் போதும். (அந்த ‘ஜீவிம்’ நமக்குத் தெரிந்த ‘ஜீவன்’ என்ற வடசொல்லின் உறவுக்காரச் சொல்தான்.)

இனி உங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழில் யோசிக்கவேண்டிய இடம். பெல்கிரேடு குளிரில் ‘யா ஸம் ஹ்லாத்னா’ என்று ஆங்கில அச்சில் சொல்லாதீர்கள். உங்கள் உடம்பு சில்லென்று இருக்கிறது, அல்லது நீங்கள் பாசமில்லாதவர் என்று அர்த்தமாகிவிடும். ‘ஹ்லாத்னோ மி யெ’ என்பதுதான் வழக்கு, ‘எனக்குக் குளிருது’. பிடித்திருந்தால் ‘ஸ்வீஜா மி ஸெ’. தூக்கம் வந்தால் ‘ஸ்பாவா மி ஸெ’. எல்லாவற்றிலும் ‘மி’, நம்முடைய ‘எனக்கு’. ஆங்கிலத்தில் ‘நான்’ என்று தொடங்கும் இவற்றை நாம் பிறந்ததிலிருந்து ‘எனக்கு’ என்றுதான் சொல்லி வருகிறோம். இந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

எதிர்மறையும் கைகொடுக்கும். ‘யாருக்கும் ஒன்றும் தெரியாது’ என்பது ‘நீக்கோ நிஷ்தா நே ஸ்னா’. மூன்று சொல்லிலும் மறுப்பு இருக்கிறது, அதில் தவறே இல்லை. மரியாதைக்கு ‘வீ’, நெருக்கத்துக்கு ‘தீ’. நீங்கள், நீ போலவே.

ஏழு வேற்றுமையையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவேண்டாம். ஒருமையில் நான்காம் வேற்றுமைக்கும் இட வேற்றுமைக்கும் ஒரே விகுதி. பன்மையில் மூன்றாம் வேற்றுமையும் அவற்றோடு சேர்ந்துவிடும். முதல் மாதம் இரண்டாம் வேற்றுமையும் இட வேற்றுமையும் போதும். ‘உ பெயோக்ராது’ என்று முன்னொட்டும் விகுதியும் சேர்ந்த முழுத் துண்டாகவே வாயில் பழகுங்கள்.

மேலே ‘கூப்பிலா’ என்று எழுதியது நீங்கள் பெண் என்பதால். உங்கள் புத்தகத்தில் ‘கூப்பியோ ஸம்’ என்று இருந்தால், அது ஆண் பேசும் வாக்கியம். நம் ‘வாங்கினேன்’ இருபாலுக்கும் பொது. செர்பிய இறந்தகாலம் அப்படியில்லை. ‘நேற்று வேலை செய்தேன்’ என்று அலுவலகத்தில் நீங்கள் சொல்லவேண்டியது ‘யூச்செ ஸம் ராதிலா’. ‘ஸம்’ இங்கேயும் இரண்டாவது இடத்தில்தான்.