டாக்டர் நின்ற இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரில் இறந்த கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பட்டியலில் கோதர் கிளார்க் என்ற பெயரைப் பார்த்தேன். நியூ சவுத் வேல்ஸ் அணிக்கு ஆடியவர், டாக்டர். டாக்டர்கள் பின்னால் ஆஸ்பத்திரியில்தானே இருப்பார்கள்? இவர் எப்படிப் போர்முனையில்?

க.

அன்புள்ள க.,

ஆஸ்பத்திரி டாக்டர் வேறு, பட்டாலியன் (காலாட்படைப் பிரிவு) டாக்டர் வேறு. கிளார்க் இரண்டாவது வகை. 1900ஐ ஒட்டிச் சில முதல்தர ஆட்டங்கள் ஆடினார். அன்றைக்குக் கிரிக்கெட் சோறு போடாது, பிழைப்பு மருத்துவம்தான். ஆஸ்திரேலியப் படையின் 34ஆவது பட்டாலியனோடு பெல்ஜியம் போனபோது நாற்பதைக் கடந்தவர்.

பட்டாலியன் டாக்டரின் முதலுதவி நிலையம் சண்டைக் கோட்டுக்குச் சில நூறு கஜம் பின்னால்தான். அறுவை சிகிச்சையெல்லாம் அங்கே கிடையாது. ரத்தத்தை நிறுத்து, வலி தணிக்க மார்ஃபின் கொடு, கட்டுப்போடு, அனுப்பு.

தொடை எலும்பு முறிவுதான் பெரிய எமன். தூக்கும்போது முறிந்த முனைகள் அசைந்து சதையைக் கிழிக்கும். ரத்தமும் வலியும் சேர்ந்து ஆள் அதிர்ச்சியிலேயே போய்விடுவான். தாமஸ் ஸ்பிளின்ட் என்ற, முறிந்த காலை நேராக இழுத்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம் வந்தபின் இது மாறியது. பூட்ஸைக் கழற்றவே மாட்டார்கள். ஒருவர் பூட்ஸைப் பிடித்துக் காலை நேராக இழுத்துக்கொண்டே இருப்பார். இன்னொருவர் இரும்பு வளையத்தைத் தொடை இடுக்குவரை ஏற்றுவார். பிறகு பூட்ஸைச் சட்டத்தின் கீழ்முனையோடு கட்டி, கயிற்றில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குவார்கள். போரின் தொடக்கத்தில் இந்தக் காயத்தில் பாதிக்கு மேல் இறந்தார்கள். 1917இல் பிரான்ஸில் நடந்த அராஸ் சண்டையில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.

ஆனால் கட்டியவனை அனுப்ப வழி வேண்டுமே. பெல்ஜியத்தில் கிளார்க் இருந்த பாஸ்செண்டேல் போர்முனையில் மழைச் சேறு. நாலு பேர் தூக்கும் ஸ்ட்ரெச்சருக்கு ஆறு, எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள், ஒரு நடைக்கே மணிக்கணக்கானது. போனவர்கள் திரும்பும்வரை காயம்பட்டவர்கள் குவிந்துகொண்டே இருப்பார்கள். அங்கே முதலுதவி நிலையம் என்பது பெரும்பாலும் ஜெர்மானியரிடம் பிடித்த கான்கிரீட் அறை. அவர்கள் கட்டியதால் சுவர் ஆஸ்திரேலியர் பக்கம், வாசல் ஜெர்மானியர் பீரங்கியைப் பார்த்து! உள்ளே கொஞ்சம் பேருக்குத்தான் இடம், மற்றவர்கள் வெளியே சேற்றில். அவர்களுக்குக் கட்டுப்போட டாக்டர் வெளியே வந்துதான் ஆகவேண்டும்.

1917 அக்டோபர் 12 அன்று 34ஆவது பட்டாலியன் இந்தச் சேற்றில்தான் தாக்கப் போனது. கிளார்க் அன்று இறந்தார், வயது 42.