கோளக் கொத்துகள் எல்லாம் நம் பால்வெளியில் பிறந்தவைதானா? குள்ள கேலக்ஸிகளுக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு?

கேள்வியைப் பார்த்தால் கல்லூரியில் படிப்பவர் போலத் தெரிகிறது, அநேகமாக நாளைக்கு செமினார். அதனால் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. கோளக் கொத்து என்றால் ஏராளமான விண்மீன்கள் ஈர்ப்பால் பந்தாகத் திரண்ட கூட்டம். நம் கேலக்ஸியான பால்வெளி விழுங்கிய குள்ள கேலக்ஸிகளோடு, அதாவது சின்னஞ்சிறு கேலக்ஸிகளோடு, வந்து சேர்ந்தவை அந்தக் கொத்துகளில் கணிசம்.

இனி என் வயிற்றெரிச்சல். 1997, மாவட்ட அளவில் ஒரு வினாடி வினா, கடைசிச் சுற்று. (மெஸ்ஸியே பட்டியல் என்பது பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெஸ்ஸியே வானின் மங்கலான பொருள்களுக்கு எம் 1, எம் 2 என்று எண்ணிட்டுத் தொகுத்தது.) “மெஸ்ஸியே பட்டியலில் உள்ள கோளக் கொத்துகள் அனைத்தும் பால்வெளியைச் சேர்ந்தவை. சரியா, தவறா?” நான் மைக்கைப் பிடுங்காத குறையாக “தவறு, எம் 54” என்றேன். நடத்தியவர் கையிலிருந்த அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, “சரி என்பதுதான் விடை தம்பி” என்றார். கோப்பை போயிற்று. எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். இன்றும் அதில்தான் டூத் பிரஷ் போட்டு வைத்திருக்கிறேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எம் 54ஐ சார்லஸ் மெஸ்ஸியே குறித்து வைத்தது 1778-ல். இருநூறு வருடத்துக்கும் மேலாக எல்லாரும் அதை நம் வீட்டுப் பிள்ளை என்றே நினைத்தார்கள். 1994-ல்தான் இபாட்டா, கில்மோர், இர்வின் என்ற வானியலாளர்கள் மூவரும், பால்வெளி மையத்துக்கும் அப்பால் தனுசு குள்ள கேலக்ஸி பிய்ந்து சிதறிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் நட்டநடுவில் எம் 54, சுமார் 87,000 ஒளியாண்டு தூரத்தில். டெர்சான் 7, டெர்சான் 8, ஆர்ப் 2 என்று வேறு சில கொத்துகளும் அதனுடையவையே. நூலகத்தில் ஒரு பத்திரிகையில் இதைப் படித்திருந்தேன். அட்டை எழுதியவர் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

கொத்து முதலில் கண்ணில் படும், அதன் சொந்த கேலக்ஸி பிறகுதான் தெரியும். இது அடிக்கடி நடப்பதுதான். ஃபோர்னாக்ஸ் குள்ள கேலக்ஸியின் ஒரு கொத்தை ஜான் ஹெர்ஷல் 1835-லேயே பார்த்துவிட்டார். கேலக்ஸியை ஷாப்லி கண்டது 1938-ல். குள்ள கேலக்ஸியின் விண்மீன்கள் சலித்த மாவு மாதிரி பரந்து கிடப்பவை. பால்வெளியின் ஈர்ப்பு இழுத்தால் இழையிழையாக நீண்டுவிடும். கொத்து அடைத்துப் பிடித்த கொழுக்கட்டை, லேசில் உடையாது. ஒமேகா செண்டாரி என்ற கோளக் கொத்துகூட இப்படித் தொலைந்துபோன ஒரு கேலக்ஸியின் மையப் பகுதி என்றே பலர் நினைக்கிறார்கள். பலர் என்றுதான் சொன்னேன், “நிரூபணம் எங்கே?” என்று கமெண்டில் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். எம் 54 நடுவிலேயே பிறந்ததா, வெளியே பிறந்து உள்ளே சறுக்கியதா என்றும் இன்னும் வாதம் ஓடுகிறது. நான் வங்கிக் குமாஸ்தா, இயற்பியல் முனைவர் இல்லை.

ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். வானில் அதே தனுசு விண்மீன் மண்டலப் பக்கம் தெரியும் எம் 22 என்ற கோளக் கொத்தைப் பார்த்தால் விண்மீன்கள் உப்புக்கல்லாகப் பிரியும். எம் 54 எவ்வளவு முறைத்தாலும் வெறும் பஞ்சுத் துணுக்கு. அந்தத் துணுக்கும் போன வருடத்தோடு சரி. எங்கள் அடுக்ககத்தில் பாதுகாப்பு என்று சொல்லி மொட்டைமாடியில் நான்கு எல்இடி விளக்குகளைப் போட்டார்கள். திருடன் மொட்டைமாடி வழியாகவா வரப்போகிறான்? பத்து மணிக்கு மேல் அணைக்கலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். “சாருக்கு மட்டும்தான் இருட்டு வேணுமாம்” என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

செமினாரில் எம் 54 பற்றிப் பேசினால் 1994 என்ற ஆண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். கையில் அட்டையோடு ஒருவர் இருப்பார்.