தெருவிளக்கு யாருடைய பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்துகிறேன். வரலாற்றை ஆவலோடு கேட்கும் பிள்ளைகள், குடிமையியல் தொடங்கியதும் சோர்ந்துவிடுகிறார்கள். குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள்; தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– பட்டதாரி ஆசிரியை, செய்யாறு வட்டம்

பதில்: பாடத்தை டெல்லியில் தொடங்காமல் உங்கள் ஊர்த் தெருவில் தொடங்குங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் பொதுவாக உள்ளவை எவை என்று பிள்ளைகளை எழுதிவரச் சொல்லுங்கள். குடிநீர்க் குழாய், சாக்கடை, ரேஷன் கடை, மின்கம்பம், பேருந்து, ஆரம்ப சுகாதார நிலையம் என்று பட்டியல் நீளும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது பழுதானால் யாரிடம் போய்ச் சொல்வது என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் ஊராட்சித் தலைவர் என்றோ முதலமைச்சர் என்றோ எழுதுவார்கள். அந்தத் தவறான விடைகளிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. ஒரே கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கம்பமும் கம்பியும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை, அதில் எரியும் தெருவிளக்கைப் பராமரிப்பதோ ஊராட்சி. இந்த ஒன்று விளங்கிவிட்டால், அதிகாரம் ஏன் பல இடங்களில் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். மாநில அரசையும் ஒன்றிய அரசையும் அதற்குப் பிறகு நடத்தினால் அவை வெறும் பெயர்களாக நிற்காது.

அடுத்து, கிராமசபை. ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்து 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தையும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் கரும்பலகையில் எழுதிப்போடுவதைக் காட்டிலும், கூட்டத்தை ஒருமுறை நேரில் பார்ப்பது பிள்ளைகள் மனத்தில் நிற்கும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களில் கொடியேற்றத்துக்காகப் பிள்ளைகள் எப்படியும் பள்ளிக்கு வருகிறார்கள். கிராமசபையும் அதே நாள்களில்தான் கூடுகிறது. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஓரமாக உட்கார வையுங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே கிராமசபையின் உறுப்பினர்கள் என்பதால் பிள்ளைகள் அங்கே பார்வையாளர்கள்தான். ஆனாலும் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுவதையும், யாரோ ஒருவர் எழுந்து கேள்வி கேட்பதையும், தீர்மானம் எழுதப்படுவதையும் கண்ணால் காண்பார்கள். எத்தனை பெண்கள் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பேசினார்கள் என்று குறித்துவரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதை மறுநாள் வகுப்பில் சொல்லும்போது, அந்தக் குறிப்பு பக்கத்திலேயே இருக்கும்.

கேள்வி: உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லி, மக்களாட்சி நமக்குப் பழகியதே என்று நடத்துகிறோம். அது சரிதானா?
– ஆசிரியர், மதுராந்தகம்

பதில்: பாதி சரி. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஊர்ச் சபையின் குழுக்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, முப்பது குடும்புகளிலும் (ஊரின் பிரிவுகள்) தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டத் தவறியவரோடு அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கிவைத்தார்கள். இதை வகுப்பிலேயே ஒரு குடம் வைத்து நடத்திக் காட்டலாம்.

ஆனால் அதே கல்வெட்டு, கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், முப்பத்தைந்துக்குக் குறையாத வயதும் வேண்டும் என்கிறது. அது ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. இதை மறைத்துவிட்டு நடத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். ‘உன் பாட்டியின் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்குமா?’ என்று கேளுங்கள். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, நிலமோ படிப்போ சாதியோ பாராமல் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியதன் அருமை, அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் புரியும். வாக்களிக்கும் வயது 1989-இல் 21-லிருந்து 18 ஆனதையும் அங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

கேள்வி: என் மகனின் வகுப்பில் மாதிரித் தேர்தல் வைக்கிறார்களாம். கட்சிச் சண்டை பள்ளிக்குள் வந்துவிடாதா?
– ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: கட்சிப் பெயரும் சின்னமும் வகுப்புக்குள் வரக்கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானது. நூலக நேரம் எப்போது, விளையாட்டுப் பொருள்களை யார் பாதுகாப்பது போன்ற வகுப்பின் சொந்தச் சிக்கல்களே தேர்தலின் பொருளாக இருக்கட்டும். வென்ற மாணவர் மாதக் கடைசியில் எழுந்து நின்று, சொன்னதில் எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்று வகுப்புக்குச் சொல்லவேண்டும். அது இல்லாத மாதிரித் தேர்தல் ஒருநாள் வேடிக்கையாகவே முடிந்துவிடும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். உங்கள் பிள்ளை படிப்பது அரசுப் பள்ளியென்றால், அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, அங்கே என்ன பேசினார்கள் என்பதை அன்றிரவே மகனிடம் சொல்லுங்கள்.