டேட்டா சயின்ஸா, புள்ளியியலா?

கேள்வி: கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் இடம் கிடைக்கும். ஆனால் 5 லட்ச ரூபாய் கல்விக்கடன் வாங்க வேண்டும். அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்தால் செலவு சொற்பம். அப்பா விவசாயி. எதில் சேரலாம்?

பதில்: இரண்டு படிப்புகளின் பாடத்திட்டத்தையும் வாங்கி, முதல் இரண்டு பருவங்களை மட்டும் பாருங்கள். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், தொடர்புப் போக்கு (ரெக்ரஷன்), மாதிரியிலிருந்து முழுமையைக் கணிக்கும் முறைகள் ஆகியவை அங்கே இருக்க வேண்டும். அவற்றுக்குப் பதில் மென்பொருள்களின் பெயர்களே வரிசையாக இருந்தால், அந்தப் படிப்புக்கு 5 லட்சம் அதிகம். பைத்தான், எஸ்.க்யூ.எல். போன்ற கணினி மொழிகளை வீட்டிலிருந்தே கற்கலாம். புள்ளியியலைத் தனியாக உட்கார்ந்து கற்பவர்கள் குறைவு.

கடன் கணக்கையும் போட்டுவிடுங்கள். 10 சதவீத வட்டியில் 5 லட்சத்தை 7 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதைச் சேர்த்தால் தவணை பத்தாயிரத்தை நெருங்கும். மேட்டூர் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டிலும் வங்கி காத்திருக்காது. ஆகவே அந்தப் பல்கலைக்கழகத்திடம் உச்சபட்சச் சம்பளத்தைக் கேட்காதீர்கள், அது விளம்பரத்திலேயே இருக்கும். சென்ற ஆண்டு இந்தப் படிப்பை முடித்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார், என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

அரசு வேலை எண்ணம் இருந்தால் புள்ளியியல் பட்டத்துக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வின் கல்வித் தகுதியிலேயே அதன் பெயர் இருக்கிறது. புதுப் பெயர் கொண்ட பட்டங்களுக்கோ, இன்ன பட்டத்துக்கு இணையானது என்ற அரசாணையைத் தேடி அலைய நேரலாம்.

எனவே உங்கள் நிலையில் நான் புள்ளியியலையே தேர்ந்தெடுப்பேன். விதிவிலக்கு, சென்னை கணிதவியல் கழகத்தின் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் போன்ற, கணித அடித்தளம் உறுதியான படிப்பு. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. கணித மாணவரான நீங்கள் எழுதிப் பார்க்கத் தயங்க வேண்டாம். ஐ.ஐ.டி.க்களில் புள்ளியியல் படிக்க ஜாம் தேர்வு, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளுக்கு க்யூட் தேர்வு.

எங்கே சேர்ந்தாலும் புராஜெக்டுக்கு, பயிற்சித் தரவாக எல்லோரும் எடுக்கும் டைட்டானிக் கப்பல் பயணிகள் பட்டியலை எடுக்காதீர்கள். நேர்முகத் தேர்வு நடத்துபவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். மேட்டூர் நீர்மட்டமும் குறுவைச் சாகுபடிப் பரப்பும் ஆண்டுதோறும் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்று ஆராயுங்கள். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் என்ன நடக்கும் என்பது உங்கள் அப்பாவுக்கே தெரியும். நல்ல கேள்விகள் அவரிடமிருந்தே கிடைக்கும்.